தேய்த்ததும் தேய்ந்ததும்

காலையில் எழுந்ததும் பல்லுக்குச் செய்யும் வேலையைச் சொல்லத் தமிழில் மூன்று வினைகள் புழங்குகின்றன: பல் துலக்குவது, பல் விளக்குவது, பல் தேய்ப்பது. மூன்றும் ஒன்றுதான் என்ற நினைப்பிலேயே நாற்பத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன். முதல் இரண்டும் அழுக்கை நீக்கிப் பளிச்சென்று ஆக்குவதைச் சொல்கின்றன. மூன்றாவதோ அழுத்தி உராய்வதைச் சொல்வதோடு, தேய்க்கப்பட்ட பொருள் நாளடைவில் தேய்ந்துபோகும் என்பதையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நான் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்தது அந்த மூன்றாவது வேலைதான் என்பதை ஒரு பல் மருத்துவர் கைக்கண்ணாடியை என் கையில் கொடுத்துக் காட்டினார்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேல் வரிசையின் இடது பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு கூச்சம் வந்துகொண்டிருந்தது. சொத்தைதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு போயிருந்தேன். மருத்துவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இடது கோரைப்பல்லின் மீது என் ஆள்காட்டி விரல் நகத்தை வைத்து, பல்லின் நுனியிலிருந்து ஈறை நோக்கி மெல்ல நகர்த்தச் சொன்னார். வழவழப்பாகப் போய்க்கொண்டிருந்த நகம் ஈறைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு பள்ளத்தில் இடறி நின்றது. மரத்தில் கோடரியால் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு விட்டுப்போனதுபோல, பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவில் ஒரு குழிவு.

“இது சொத்தை இல்லை. நீங்கள் வலக்கைப் பழக்கம்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பிரஷை வாயில் வைத்ததும் கை முதலில் போகிற இடம் இதுதான். அப்போதுதான் வேகமும் அதிகம், பேஸ்ட்டும் அதிகம். அதனால்தான் வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கத்தில் இப்படி அறுபட்டிருக்கும்.”

அதோடு விட்டிருந்தால், அளவுக்கு மீறிய அக்கறையால் வந்த கேடு என்று ஓரளவு பெருமையாகக்கூட வீடு திரும்பியிருப்பேன். ஆனால் அவர் கீழ் முன்பற்களின் உட்புறத்தில், நாக்கு படும் பக்கத்தில், ஒரு சிறு கண்ணாடியை வைத்துக் காட்டினார். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மஞ்சளும் பழுப்புமாக, உப்புத் தண்ணீர் ஓடும் குழாய் வாயில் படிவதைப் போன்ற கெட்டியான காரை. “இவ்வளவு அழுத்தித் தேய்க்கிற நீங்கள் இந்தப் பக்கம் பிரஷைக் கொண்டுபோனதே இல்லை” என்றார். தேவையில்லாத இடத்தில் மூர்க்கமும் தேவையான இடத்தில் சோம்பலுமாக, இரண்டு நேரெதிர்த் தவறுகளை ஒரே வாய்க்குள் நான் நாள் தவறாமல் செய்துவந்திருக்கிறேன்.

பல்லின் மேற்பூச்சான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளே. அத்தனை உறுதியான பொருளை ஒரு பிரஷ் என்ன செய்துவிடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பூச்சு பல்லின் கழுத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே அது மிக மெல்லியதாகவும் இருக்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் வேர்ப்பகுதிக்கு ஈறுதான் போர்வை. அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஈறு பின்வாங்கும், போர்வை விலகும், பல்லின் உட்பொருளான டென்டின் வெளியே தெரியும். டென்டின் எனாமலைவிடப் பன்மடங்கு மென்மையானது. பேஸ்ட்டில் இருக்கும் நுண்துகள்களும் முன்னும் பின்னுமாக இழுக்கும் பிரஷும் சேர்ந்தால் அதை அறுத்துவிட முடியும். டென்டினுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் பல்லின் உயிர்ப்பகுதியை நோக்கி ஓடுகின்றன. குளிர்ச்சி பட்டதும் அந்தக் குழாய்களில் உள்ள திரவம் நகர்கிறது, நரம்பு அதை வலியாக உணர்கிறது. என்னைத் துள்ளவைத்தது இதுதான். போன எனாமல் வளராது, பின்வாங்கிய ஈறும் தானாகத் திரும்பி வராது. பள்ளத்தை மருத்துவர் பல்நிறப் பசையால் அடைத்துக் கொடுத்தார். கையை மாற்றிக்கொள்ளாவிட்டால் அடுத்த பல்லுக்கும் இதே கதைதான் என்று சொல்லியும் அனுப்பினார்.

அப்படியானால் பிரஷ் எதைத்தான் நீக்கவேண்டும்? உணவுத் துணுக்குகளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். துணுக்குகளைத் தண்ணீரும் நாக்குமே பெரும்பாலும் பார்த்துக்கொள்கின்றன. நீக்கவேண்டியது பல்லின் மீது ஒட்டி வளரும் ஒரு படலம். பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து, தாங்களே சுரக்கும் பசையில் தங்களைப் பதித்துக்கொண்டு உருவாக்கும் குடியிருப்பு அது. காலையில் நாக்கால் தடவும்போது பல்லின்மேல் வழவழப்புக்குப் பதிலாகச் சொரசொரப்பான ஒரு மெத்தை தட்டுப்படுகிறதே, அதுதான். வாய் கொப்பளித்தால் போகாது. ஆனால் மென்மையான இழைகள் பட்டாலே கலைந்துவிடும். கழுவினால் போகாதது, ஆனால் தொட்டால் போவது என்ற இந்த இயல்பைப் புரிந்துகொண்டபோதே பாதி அழுத்தம் என் கையிலிருந்து இறங்கிவிட்டது.

இந்தப் படலத்தில் உயிர்கள் இருப்பதை முதலில் கண்டு எழுதியவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அன்டோனி வான் லேவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியாகத் தம் பல்லிடுக்கில் இருந்த வெண்மையான பொருளைப் பார்த்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிவதை 1683இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் ஆறுதலான செய்தி வேறு: அவர் நாள்தோறும் உப்பு வைத்துப் பல் துலக்கி, இடுக்குகளைக் குச்சியால் சுத்தம் செய்து, துணியாலும் துடைத்து வந்தவர். தம் பற்கள் அவ்வளவு சுத்தம் என்று சொல்லிக்கொண்டே, இருந்தும் இடுக்கில் மாவுபோன்ற ஒன்று வளர்வதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தப் படலத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தெளிவான விடை உண்டு. 1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை முழுவதுமாக நிறுத்தச் செய்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கி அழற்சி வந்துவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தை ஒட்டியே பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஈறில் இரத்தம் கசிந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். இரத்தம் கசிவதற்குக் காரணமே அங்கே படிந்திருக்கும் படலம் என்னும்போது, அந்த இடத்தை விட்டுவிடுவது நெருப்புக்கு விறகு வைப்பதுபோல. மென்மையாக, ஆனால் விடாமல் அங்கே சுத்தம் செய்தால் சில நாட்களில் கசிவு குறையும். ஓரிரு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். புகைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், உள்ளே நோய் முற்றியிருந்தாலும் வெளியே இரத்தம் கசியாமல் எல்லாம் நலம் என்று ஏமாற்றிவிடும்.

கலைக்கப்படாத படலம் எச்சிலில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வாங்கிக்கொண்டு சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்குகிறது. அதுவே பற்காரை. என் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது அவ்வளவு தடிமனாக இருந்ததற்கு என் சோம்பலோடு இன்னொரு காரணமும் உண்டு: நாக்கின் அடியில், சரியாக அந்தப் பற்களுக்குப் பின்னால்தான் இரண்டு பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கின்றன. மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் இதே காரணத்தால் காரை விரைவாகப் படியும். ஒருமுறை கெட்டியாகிவிட்டால் எந்தப் பிரஷாலும் அதைப் பெயர்க்க முடியாது, மருத்துவர்தான் எடுக்கவேண்டும். எடுத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று என்னைப் பயமுறுத்தியவர்கள் பலர். காரைக்கு அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், அதுவரை பற்களைச் சுவர்போல் இணைத்துப் பிடித்திருந்த காரை போனதும் ஆட்டம் வெளியே தெரியும். ஆட்டத்தை உண்டாக்கியது சுத்தம் செய்தது அல்ல.

இனி நான் கற்றுக்கொண்ட முறை. இதை வகுத்தவர் சார்ல்ஸ் காசிடி பாஸ். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், பல் மருத்துவர் அல்லர். மலேரியாக் கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டிய ஆய்வாளர்களில் ஒருவரான அவர், பணி ஓய்வுக்குப் பிறகு பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள சிறு பள்ளத்தில் தம் முழுக் கவனத்தையும் செலுத்தினார். ஆரோக்கியமான ஈறில்கூட அந்தப் பள்ளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். நோய் தொடங்குவது அங்கேதான் என்பதால், பிரஷின் இழைநுனிகள் பல்லின் பரந்த முகத்தைவிட அந்த விளிம்பைத்தான் முதலில் தேடிப் போகவேண்டும் என்பது அவர் முறையின் உயிர்.

பிரஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனாவைப் பிடிப்பதுபோல விரல்நுனிகளால் பிடிக்கவேண்டும். இந்த ஒரு மாற்றமே என் அழுத்தத்தைப் பாதிக்குமேல் குறைத்தது. விரல்நுனிகளுக்கு மூர்க்கம் வராது. இழைகளை ஈறு நோக்கி ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், பாதி ஈறின் மேலும் பாதி பல்லின் மேலும் படும்படி வைக்கவேண்டும். மேல் வரிசைக்கு மேல்நோக்கிச் சாயும், கீழ் வரிசைக்குக் கீழ்நோக்கிச் சாயும். பிறகு பிரஷை இழுக்காமல், வைத்த இடத்திலேயே அதிர்வதுபோல மிகச் சிறு அசைவுகள் பத்துப் பதினைந்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கை அசைவதே தெரியாது. அதன்பின் ஈறிலிருந்து பல்நுனி நோக்கி ஒரு வழிப்பு. அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகர்ந்து மறுபடியும் இதையே செய்யவேண்டும். ஈறு வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் அது மிகை. ஒரே மாதத்தில் பிரஷின் இழைகள் பூப்போல விரிந்துவிட்டால் குற்றம் பிரஷில் இல்லை, கையில்.

இரண்டு இடங்களில்தான் எனக்குப் பழகுவதற்கு நாள் பிடித்தது. முன்பற்களின் உட்புறத்தில் பிரஷ் படுக்கையாக நுழையாது. அதைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் முனையிலுள்ள இழைகளை மட்டும் வைத்து ஈறிலிருந்து பல்நுனி நோக்கி வழிக்கவேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு நான் வாயை ஆவென்று திறந்துகொண்டு போராடினேன். உண்மையில் வாயை அகலத் திறக்கத் திறக்கக் கன்னம் இறுகிப் பிரஷுக்கு இடமில்லாமல் போகிறது. பாதி மூடி, தாடையைத் துலக்கும் பக்கமாகச் சற்று நகர்த்தினால் கன்னம் தளர்ந்து வழிவிடுகிறது. இதை யாராவது இருபது ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்கலாம்.

தொடங்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டேன். வேலையின் முதல் அரை நிமிடத்தில்தான் கவனம் கூர்மையாக இருக்கிறது. அதைப் புன்னகைக்குத் தெரியும் முன்பற்களுக்குக் கொடுத்து வீணாக்குவதைவிட, வழக்கமாக விட்டுப்போகும் கீழ் உட்புறத்துக்குக் கொடுப்பதே நியாயம். முழுப் பல்வரிசை 32 என்றால், வெளிப்புறம், உட்புறம், கடிக்கும் அல்லது மெல்லும் புறம் என்று பிரஷ் எட்டும் முகங்கள் ஏறத்தாழ 96. பரிந்துரைக்கப்படும் இரண்டு நிமிடத்தில் ஒரு முகத்துக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தபோது என் பழைய கணக்கு முப்பத்தெட்டு விநாடி. நான் மூன்று நிமிடம் என்று சத்தியம் செய்திருப்பேன்.

பேஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நுரை வேலையல்ல, அது வேலை முடிந்துவிட்டது என்ற மயக்கத்தைத்தான் கொடுக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் பார்க்கவேண்டியது ஃபுளோரைடின் அளவு. பெரியவர்களுக்கு 1,350 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருப்பது நல்லது. சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியாக்கள் வெளியிடும் அமிலத்தால் பல்லின் மேற்பரப்பில் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அளவுக்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன, எச்சில் அவற்றை மெல்லத் திருப்பிக் கட்டுகிறது. இந்தப் போக்குவரத்து நாள் முழுவதும் நடக்கிறது. கட்டும் வேலையை ஃபுளோரைடு விரைவுபடுத்துவதோடு, புதிதாகக் கட்டப்படும் படிகத்தை அமிலத்துக்கு எளிதில் அசையாததாகவும் ஆக்குகிறது. அதனால்தான் துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விடச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. வாய் அலம்பாமல் வெளியே வருவது முதல் வாரம் முழுவதும் ஏதோ பாதியில் எழுந்து வந்ததுபோல உறுத்தியது. வெண்மை தரும், கரித்தூள் கலந்தது என்று விற்கப்படும் பேஸ்ட்டுகள் சிலவற்றில் உராயும் துகள்கள் அதிகம். என்னைப்போல் கழுத்து அறுபட்டவர்கள் அவற்றைத் தொடாமலிருப்பது உத்தமம்.

ஒரு நாளைக்கு இருமுறை, அதில் ஒன்று உறங்கப் போகுமுன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இரவு ஏன் முக்கியம் என்றால், உறக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. கழுவவும் கட்டவும் ஆளில்லாத அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குப் படலத்தை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. புளிப்பான எதையாவது உண்டவுடனேயோ வாந்தி எடுத்தவுடனேயோ துலக்குவதும் தவறு. அமிலத்தால் இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் எளிதில் சுரண்டிவிடும் என்பதால், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கவேண்டும்.

பல்லுக்கு ஐந்து முகங்கள், பிரஷ் எட்டுவது மூன்றைத்தான். பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிற்கும் மற்ற இரண்டுக்கும் நூலோ, இடுக்குக்கென்றே வரும் குட்டிப் பிரஷோ தேவை. நூல் எனக்கு ஒத்துவரவில்லை, விரல்கள் இரண்டும் வாய்க்குள் சிக்கிக்கொள்கின்றன. ஈறு சற்று இறங்கி இடைவெளி விழுந்த வாய்க்குக் குட்டிப் பிரஷே வசதி, ஒவ்வோர் இடுக்குக்கும் பொருந்தும் அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. மின்சாரப் பிரஷ் வைத்திருப்பவர்கள் அதைக் கையால் தேய்க்காமல், பல் பல்லாக வைத்து நிறுத்தினாலே போதும். அசைவை அது பார்த்துக்கொள்ளும். எந்தப் பிரஷானாலும் மென்மையான இழை, சிறிய தலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம்.

சிறு குழந்தைகளுக்கு முதல் பல் முளைத்த நாளிலிருந்தே அரிசி மணி அளவு பேஸ்ட்டும், மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவும் போதும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்கிவிடவேண்டும், ஏனெனில் அதற்குமுன் அவர்களுடைய விரல்களுக்கு இந்த நுட்பம் வருவதில்லை. என் மகள் ஐந்து வயதில் “நானே தேய்ச்சுக்கறேன்ப்பா” என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்டபோது மகிழ்ந்துபோய்க் கொடுத்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்துத்தான் கற்றிருந்தாள்: முஷ்டிப் பிடி, முன்னும் பின்னும் இழுப்பு. இப்போது இருவரும் கண்ணாடிமுன் நின்று சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.

திருத்தம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க மருத்துவர் ஒரு சாய மாத்திரை கொடுத்தார். மென்று வாயெல்லாம் பரப்பித் துப்பினால், படலம் இருக்கும் இடம் மட்டும் சிவப்பேறி நிற்கும். முதல் நாள், மிக ஒழுங்காகத் துலக்கிவிட்டதாக நம்பிக்கொண்டு அதை மென்றேன். கண்ணாடியில் ஒவ்வொரு பல்லின் நடுமுகமும் வெள்ளைவெளேரென்று இருக்க, ஈறின் ஓரமாக வரிசை முழுவதும் சிவப்பு மையால் கோடு போட்டதுபோல ஒரு விளிம்பு. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிப்போனாள். இரண்டு மாதத்தில் அந்தக் கோடு அறுந்து அறுந்து துண்டுகளாகி, பிறகு புள்ளிகளாகி, மேல் வரிசையில் அறவே மறைந்துவிட்டது.

நேற்றிரவு மறுபடியும் மென்று பார்த்தேன். வலது கீழ்க் கடைசிப் பல்லின் நாக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கீற்றுச் சிவப்பு பாக்கி இருந்தது; வலக்கைக்கு மணிக்கட்டு மடங்க மறுக்கிற இடம். இடக்கைக்குப் பிரஷை மாற்றி முயன்றதில் பேஸ்ட் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியதே தவிர, கீற்று அப்படியே இருந்தது. இன்று தாடையை இன்னும் சற்று வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கவேண்டும்.